தொடாமல் சொன்ன சொல்

பெரம்பலூர்,
11.02.2024, ஞாயிறு

பூங்குழலி அப்பாவுக்கு,

வியாழக்கிழமையிலிருந்து போன் போகவில்லையே என்று தவித்துக்கொண்டிருப்பீர்கள். கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் எண்ணை நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன். இனிமேல் வீடியோ காலும் கிடையாது, படமும் கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இப்படி மெயிலில் கடிதமாக எழுதுங்கள், படிக்கிறேன்.

கோபத்தில் செய்தது என்று நினைக்க வேண்டாம். கோபம் இருக்கிறது. ஏழு மாத வயிற்றோடு என்னை விட்டுவிட்டு மெக்சிகோவுக்குச் சிமென்ட் சூளை பொருத்தப் போனீர்களே, அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இது வேறு.

புதன்கிழமை சாயங்காலம் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உங்களுக்குக் காட்டினேன். நீங்கள் பாட்டுக்குப் போனைக் கொண்டுபோய் அந்த வீட்டுக்காரம்மா கையில் கொடுத்தீர்கள். அவள் கண்ணை விரித்துக்கொண்டு ஏதேதோ சொன்னாள். ஒரு சொல்லா, இரண்டு சொல்லா? மழை மாதிரி கொட்டினாள். நீங்கள் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினீர்கள். நெற்றியில் வைக்கும் கருப்புப் பொட்டை அன்றைக்கு மறந்திருந்தேன்.

விடிந்ததும் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை. இடது கண் வலது கண்ணைவிடச் சின்னதாகிவிட்டது. என் பிரமை என்று நினைத்து அம்பிகா டீச்சரை வரச்சொல்லிக் காட்டினேன். அவரும் பார்த்துவிட்டு, "ஆமா சுதா, ஒரு பக்கம் சுருங்கித்தான் இருக்கு" என்றார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சிரப்பு எழுதிக் கொடுத்தார்.

அரியலூரிலிருந்து உங்கள் அக்கா வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏன்டி, பச்சப்புள்ளய அந்தப் பொட்டிக்குள்ள காட்டலாமா? எவ எவ கண்ணு எங்கேருந்து பார்க்குதோ!" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். அப்புறம் உப்பு, மிளகாய், தெரு மண் எல்லாம் சுற்றி அடுப்பில் போட்டார். நான் பிசிக்ஸ் நடத்துகிறவள், இதற்கெல்லாம் சிரிப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். ஒரு கை மிளகாய் கருகிச் சாம்பலானது. ஒரு தும்மல் வரவில்லை. துளி நெடி இல்லை. உங்கள் அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

அந்தம்மா பிள்ளையைப் பார்த்து என்ன சொன்னாள்? ஒன்று விடாமல் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயசுதா


உமான், யுகத்தான், மெக்சிகோ,
13.02.2024

சுதா,

படித்துவிட்டு உட்கார முடியவில்லை. இப்போது காய்ச்சல் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது உடனே எழுது.

வீட்டுக்காரம்மாவின் பெயர் டோன்யா சாரி, கெட்டவள் இல்லை. ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டின் முன்பக்கம் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள், பின்பக்க அறையில் நான். புகழ்வதுதான் அவள் பிழைப்பு என்றே சொல்லலாம். சீப்பை எடுத்துவிட்டால் வாய் மூடாது. அவள் மட்டுமா? இந்த ஊரே அப்படித்தான். ரொட்டிக் கடைக்காரி என்னை 'மி ரெய்' என்பாள். என் ராஜா என்று அர்த்தம். பஸ்காரன் 'குவாப்போ' என்பான், அழகா என்று. எங்கள் ஆலையில் ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் ஒவ்வொரு சொல். தலைநகரத்து வெல்டர்கள் எதைப் பார்த்தாலும் அருமை என்பதற்குச் 'சிதோ' என்பார்கள், கொலம்பியாவிலிருந்து வந்த மேற்பார்வையாளர் அதையே 'பகானோ' என்பார். இந்த வட்டாரத்து ஆட்களிடம் மாயா பாஷையும் கலந்திருக்கும். குண்டுப் பிள்ளையைப் 'புருஷ்' என்பார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பூங்குழலியைப் பார்த்து அவள் சொன்னது இவ்வளவுதான்: 'மாரே!' என்றாள். அது ஆச்சரியம், நாம் அடேயப்பா என்பது போல. 'கே லிந்தா' என்றாள், என்ன அழகு என்று. அப்புறம் 'மி போஷிதா' என்றாள். என் கருவாச்சி என்று அர்த்தம். இங்கே அது கொஞ்சல், உயிரான பிள்ளைக்குத்தான் சொல்வார்கள். சத்தியமாக எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பக்கத்தில் பிள்ளையை அழகு என்று எவராவது சொன்னால் பெற்றவள் முகம் சுண்டிவிடும். பெரியவர்களுக்கும் அதே கதிதான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நீ என்னைப் பார்த்து ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கிறாயா?

சரி, அது கிடக்கட்டும். உன் கடிதத்தைப் படித்த கையோடு போய் டோன்யா சாரியிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். 'உவாய்' என்றாள். இங்கே பயந்தால் வரும் சத்தம் அது. வாடிக்கைக்காரம்மா பாதித் தலையோடு நாற்காலியில் இருந்தாள், அவளும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இவர்களிடமும் அது இருக்கிறது, சுதா. பிள்ளையை அழகு என்று சொன்னால் சொன்ன கையோடு தொட்டுவிட வேண்டும். தலையிலோ கன்னத்திலோ ஒரு தொடல் போதும். தொடாமல் சொன்ன சொல் பிள்ளைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். அவள் கடையில் வாய் ஓயாமல் புகழ்கிறாளே, ஒவ்வொரு தடவையும் அவள் கை அந்தத் தலையில்தான் இருக்கும். அவள் தொடாமல் புகழ்ந்த முதல் பிள்ளை நம்முடையது. போனின் கண்ணாடியைத் தடவினேனே, அது போதாதா என்று என்னையே கேட்டாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். கண்ணைப் பற்றி நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளாகவே, "சின்னதானது இடது கண்தானே?" என்று கேட்டாள்.

பரணிதரன்


பெரம்பலூர்,
20.02.2024

பூங்குழலி அப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. கண் அப்படியேதான் இருக்கிறது. பால் கால்வாசி இறங்குகிறது. தூக்கினால் துணி மூட்டை மாதிரி தொங்குகிறாள்.

பிள்ளை இந்த நிலையில் கிடக்கிறது, ரொட்டிக் கடைக்காரி உங்களை ராஜா என்றதை எழுதுகிறீர்கள். நல்ல கதை! பிரசவ வார்டில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் ஆண்டிமடத்திலிருந்து முந்திரி லாரியில் ஏறி ஓடிவந்தாரே என் அண்ணன் தமிழழகன், அன்றைக்கு என் ராஜா எங்கே இருந்தார்? எனக்கும் நாக்கு இருக்கிறது. நல்ல சொல் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

திட்டுவதற்கு மட்டும் இதை எழுதவில்லை. ஒரு விஷயம் நடக்கிறது. யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஏழரை மணிக்குப் பால் கொடுப்பேன். ஒழுங்காகக் குடித்துக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்துவாள். உடம்பு விறைக்கும். என் தோளுக்குப் பின்னால் பார்ப்பாள். பின்னால் ஒன்றும் இல்லை, சுவர், அதில் ஒரு ஆணி. குழந்தைகள் எதையாவது பார்ப்பது சகஜம்தான். ஆனால் இவள் பார்ப்பது வேறு மாதிரி. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை பார்க்கிற பார்வை அது. கொஞ்ச நேரத்தில் விறைப்பு விட்டுவிடும், அப்புறம் துவண்டுவிடுவாள். அன்று முழுக்கப் பால் இறங்காது.

இடம் மாற்றிப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தி இருட்டில் கொடுத்தேன். எங்கே உட்கார்ந்தாலும் அந்த நேரத்துக்கு என் தோளுக்குப் பின்னால்தான் பார்க்கிறாள். நேற்று ஆயா வேலை பார்க்கும் முத்தாயி அக்கா பார்த்துவிட்டு, "என்னம்மா இது, உங்க பின்னாடி ஆளு நிக்கிற மாதிரி பார்க்குது?" என்று கேட்டுவிட்டு, தானே பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

எனக்குக் கணக்கு வரும். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே முந்தின நாள் இரவு எட்டு. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

ஜெயசுதா


உமான்,
25.02.2024

சுதா,

கேட்டாயே, சொல்கிறேன்.

இங்கே இரவு ஏழரைக்கு ஆலைப் பேருந்து என்னை இறக்கிவிடும். சூளைப் பக்கம் வேலை என்பதால் சட்டை உப்புப் பூத்திருக்கும். குளிக்கக்கூடத் தோன்றாது. ஊஞ்சல் வலையில் சாய்ந்ததும் போனை எடுப்பேன். நீ முன்பு அனுப்பிய வீடியோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், அவள் கொட்டாவி விடுவது, காலை வாயில் வைப்பது, தும்மிவிட்டுத் தானே பயப்படுவது. மறுபடி மறுபடி பார்ப்பேன். பார்த்துக்கொண்டே கொஞ்சுவேன். கற்றுக்கொண்ட சொல் அத்தனையும் சொல்வேன். லிந்தா, போஷிதா, புருஷ், சிதோ, பகானோ, அம்மா, தாயி, என் கருவாச்சி. நீ போனை அடைத்த பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது. சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் பார்ப்பேன். அப்போது மணி எட்டுதான் இருக்கும்.

இதை டோன்யா சாரியிடம் சொன்னேன். கடையைச் சாத்திவிட்டு வந்தாள். ஒரு முட்டையை எடுத்து என் போனைச் சுற்றித் தடவினாள், பிறகு ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் உடைத்து ஊற்றினாள். வெள்ளைக்கரு நூல் நூலாக மேலே எழும்பியது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"என் சொல் எப்போதோ இறங்கிவிட்டது. இது உங்களுடையது, இஞ்சினியர்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்ற அப்பன் கண்ணா படும் என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. இங்கே வெயிலிலும் நெருப்பிலும் வேலை செய்துவிட்டு வியர்வையும் பசியுமாக வருகிற ஆண்கள் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை நேராகப் பார்க்க மாட்டார்களாம். அந்த நேரத்துப் பார்வைக்குச் சூடு அதிகம். தவறிப் பார்த்துவிட்டால் உடனே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வார்களாம், சூடு அடங்கட்டும் என்று. இதைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீங்கள் அந்தப் பிள்ளையை ஒருமுறையாவது தொட்டிருக்கிறீர்களா?"

சுதா, நான் என் மகளைத் தொட்டதே இல்லை. அவள் பிறந்து ஆறு மாதமாகிறது. தினமும் புகழ்கிறேன், ஒருநாளும் தொட்டதில்லை.

உடனே புறப்பட்டு வரலாம் என்றால் குடியிருப்பு அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். ஒப்பந்தம் போய்விடும். ஆகவே ஒன்று செய்கிறேன். இன்றிலிருந்து வீடியோவைத் தொட மாட்டேன். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பத்து நாள் கழித்து நீ எழுது. இது சும்மா மனப்பிராந்திதான் என்று நீ எழுத வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பரணி


பெரம்பலூர்,
06.03.2024

பூங்குழலி அப்பாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் நிறுத்திய மறுநாளே ஏழரை மணிக்குப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். மூன்றாம் நாள் கண் சரியாகிவிட்டது. அம்பிகா டீச்சரே வந்து பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை குப்புற விழுந்து தலையைத் தூக்கினாள். எடை ஏறியிருக்கிறது. டாக்டர் தன் சிரப்புதான் வேலை செய்தது என்கிறார். உங்கள் அக்கா வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டதால்தான் என்கிறார். நான் இருவரிடமும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சந்தோஷப்பட வேண்டும். பிள்ளை தேறிவிட்டாள், வேறென்ன வேண்டும்? ஆனால் அடுப்படியில் நின்று அழுதேன். உங்களை நினைத்து அழுதேன் என்று எழுதினால் உடனே அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நினைக்காமல் இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும், பார்க்காமல் இருங்கள். படங்கள் போனில் இருந்தால் கை சும்மா இருக்காது. அழித்துவிடுங்கள்.

ஜெயசுதா


உமான்,
09.06.2024

சுதா,

மூன்று மாதமாக ஒழுங்காகப் பதில் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். எழுத உட்கார்ந்தால் அவள் முகத்தை நினைக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். முதலில் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. அப்புறம் கண்ணும் மூக்கும் தனித்தனியாக ஞாபகம் இருந்தன, சேர்த்தால் வேறு பிள்ளையாகத் தெரிந்தது. இப்போது அதுவும் இல்லை. கொட்டாவி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. பின்கட்டில் ஒரு பப்பாளி மரம் குலை குலையாகக் காய்த்திருந்தது. ஏப்ரலில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், "மாரே, கே லிந்தா!" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டதே! அந்த வாரமே இலை பழுத்து, காயெல்லாம் பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்தன. டோன்யா சாரி மரத்தை வெட்டி வெளியே போடச் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது வாசலில் வந்து நிற்கிறாள். என் கையைப் பிடித்து நிலைக்கதவில் வைக்கிறாள், தண்ணீர்ப் பானையில் வைக்கிறாள், பூனையின் முதுகில் வைக்கிறாள். பிறகுதான் உள்ளே விடுகிறாள். இதைச் சிரித்துக்கொண்டே செய்கிறாள். பூனை மட்டும் என் கையைக் கண்டால் ஓடிவிடுகிறது.

ஆலையில் எல்லாரும் பேசிச் சிரிக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ரொட்டிக் கடைக்காரி 'என் ராஜா, என்ன ஊமையாகிவிட்டாய்?' என்கிறாள். தனக்கு மகன் பிறந்திருக்கிறான், எட்டிப் பார் என்றாள். நான் காசை வைத்துவிட்டு ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

குடியிருப்பு அட்டை வந்துவிட்டது. ஆகஸ்டில் லீவு கிடைக்கும். நான் வரலாமா? நீ வேண்டாம் என்றால் வரவில்லை. இதை வீம்புக்கு எழுதவில்லை.

பரணி


பெரம்பலூர்,
21.07.2024

என்னங்க,

வாங்க.

ஆறு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆகஸ்டில் பிள்ளைக்கு ஒரு வயது நிறைகிறது. தமிழழகன் அண்ணன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அப்பன் இல்லாமல் அதைச் செய்ய எனக்கு மனசில்லை.

டோன்யா சாரி சொன்னதையே எடுத்துக்கொள்வோம். தொட்டுவிட்டுப் பார்த்தால் தோஷம் இல்லைதானே? அப்படியென்றால் வழி இருக்கிறது. திருச்சியில் இறங்கிப் பெரம்பலூர் பஸ் பிடியுங்கள். புது பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ எடுங்கள். நீங்கள் போன பிறகு நான் மாறிவந்த வீடு, உங்களுக்கு அடையாளம் தெரியாது; எங்கள் தெருமுனை மருந்துக் கடையில் இறங்கி, கடைக்காரர் போனிலிருந்து எனக்கு அடியுங்கள். நான் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வாசலில் வைத்துப் பிள்ளையை உங்கள் கையில் கொடுப்பேன். நன்றாகத் தொட்டு, தூக்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்ட பிறகு கண்ணைத் திறங்கள்.

தெரு சிரிக்கும். மெக்சிகோ போய்க் கண்ணைத் தொலைத்துவிட்டு வந்தான் என்று பேசுவார்கள். பேசட்டும். ஒரு வருஷம் தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் கேட்காத பேச்சா?

வருகிற அன்று குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பசியோடு வராதீர்கள்.

சுதா


அரியலூர், ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ்,
18.08.2024, ஞாயிறு

சுதா,

நான் வந்துவிட்டேன். வந்தேன், திரும்பிவிட்டேன். நேற்று மத்தியானம் முழுக்க நீ எனக்காகக் காத்திருந்திருப்பாய் என்று தெரியும். என்னை மன்னித்துவிடு.

நீ சொன்னபடிதான் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் குளித்தேன், இட்லி சாப்பிட்டேன். ஆட்டோவில் வந்து மருந்துக் கடையில் இறங்கினேன். கடைக்காரர் உள்ளே யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். நான் போன் கேட்கக் காத்து நின்றேன். சும்மா நிற்கிறோமே என்று தெருவைப் பார்த்தேன்.

நாலு வீடு தள்ளி ஒரு பெண் குழந்தை இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. மஞ்சள் கவுன், காலில் ஒன்றும் இல்லை. நல்ல கருப்பு. தலைமுடி சுருள் சுருளாக நின்றது. யார் வீட்டுப் பிள்ளையோ என்றுதான் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அடேயப்பா, என்ன அழகு என்று மனசுக்குள் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, சுதா. சத்தியமாகச் சொல்கிறேன். சொல் தானாக உள்ளே வந்து நின்றுவிட்டது.

அந்த நிமிஷம் பிள்ளை கேட்டை விட்டது. தள்ளாடி இரண்டு எட்டு வைத்தது, முகம் குப்புற சிமென்ட் விளிம்பில் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம். உள்ளேயிருந்து, "அய்யோ பூங்குழலி!" என்று கத்திக்கொண்டு நீ ஓடிவந்தாய்.

அப்போதுதான் அது யார் என்று எனக்குத் தெரிந்தது.

என் பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ பிள்ளை என்று நினைத்துப் பார்த்தேன், அந்தப் பார்வைக்கே இப்படி. என் பிள்ளை என்று தெரிந்து ஆசையோடு பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திரும்பி ஓடினேன். அரியலூர் பஸ்தான் முதலில் வந்தது, ஏறிவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. இந்த அறையில் கண்ணாடியைத் துண்டால் மூடிவைத்திருக்கிறேன்.

நாளை மத்தியான ரயிலில் சென்னை போகிறேன். அங்கிருந்து திரும்ப உமான். காது குத்தை நடத்து. பிள்ளை நல்லபடி வளர வேண்டும், எனக்கு அது போதும். நான் இல்லாமல்தான் வளர்கிறாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பரணி


அரியலூர் பஸ்ஸில்,
19.08.2024, திங்கள், காலை

பூங்குழலி அப்பாவுக்கு,

லாட்ஜ் வைஃபையில் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி, ஒரு கையால் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கையில் உங்கள் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். உங்கள் அக்காவிடமும் சொல்லிவிட்டேன், அவர் இப்போதே ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பார். உங்களை விட்டுவிட மாட்டார்.

உதடு கிழிந்தது, உண்மை. இரண்டு நாளில் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் பாதியில் ஓடிவிட்டீர்கள். மீதியைக் கேளுங்கள்.

சனிக்கிழமை வரைக்கும் அவள் நடந்ததே இல்லை. கேட்டையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு நிற்பாள், விடமாட்டாள். நீங்கள் பார்த்த இரண்டு எட்டுதான் அவள் வாழ்க்கையில் வைத்த முதல் இரண்டு எட்டு. அதை நான் பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்த்தீர்கள்.

நான் உங்களுக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எழுதினால் தாங்கமாட்டீர்கள் என்று விட்டேன். நீங்கள் பார்ப்பதை நிறுத்திய பிறகு பிள்ளை பால் குடித்தாள், சதை போட்டாள், தூங்கினாள். ஆனால் யாரிடமும் கை நீட்டவில்லை. என்னிடம்கூட இல்லை. தூக்கினால் வருவாள், இறக்கினால் இருப்பாள். வேறு பிள்ளைகள் அம்மாவைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டித் துள்ளும் இல்லையா, அது இவளிடம் இல்லவே இல்லை. முத்தாயி அக்கா ஒருநாள் கேட்டேவிட்டார், "இது ஏம்மா யாரையும் தேடவே மாட்டேங்குது?" என்று. ஆறு மாதமாக இந்தக் கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சௌக்கியம் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் அவளே எழுந்துவிட்டாள். வாயில் ரத்தம், அழவில்லை. தெருமுனையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். மறுபடி நடந்தாள். மருந்துக் கடை வாசல் வரைக்கும் போய்விட்டாள், அங்கே யாரும் இல்லை. யார் நின்றார் என்று கடைக்காரரைக் கேட்டேன். "யாரோ ஒரு ஆளு போன் கேக்க நின்னாருங்க, அப்புறம் காணோம்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்தால் திமிறுகிறாள், அந்த இடத்தை விட்டு வர மாட்டேன் என்கிறாள். அப்போதுதான் அழுதாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

மிளகாய் ஏன் கமறவில்லை, எனக்குத் தெரியாது. உங்கள் பப்பாளி ஏன் பட்டுப்போனது, அதுவும் தெரியாது. பயம் எனக்கும் இருக்கிறது. இதை அடிக்கும்போதே இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவள் விழுந்தது உங்கள் கண் பட்டு என்றால், எழுந்து நடந்தது யார் கண் பட்டு?

பஸ் ஊருக்குள் நுழைகிறது. ரயில் வந்தாலும் ஏறாதீர்கள். பிளாட்பாரத்தில் வெளிச்சமான இடத்தில் நில்லுங்கள். கண்ணை மூட வேண்டாம். அவளை இறக்கிவிடுகிறேன், தானே நடந்து வரட்டும். வருகிற வரைக்கும் நன்றாகப் பாருங்கள். தொடுவது அப்புறம்.

சுதா